தேயிலைச் செடி எவ்வாறு உண்கிறது?



வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் இறங்கி எத்திசையை நோக்கினும் கண்ணிற்படுவது தேயிலையே. எங்கள் பாடசாலையின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு மலை தொடங்குகிறது. மலை என்று இப்பகுதியில் நாங்கள் சொல்வது குன்றை மாத்திரம் அன்று. எண்ணிட்டுப் பிரித்து வைத்திருக்கும் தேயிலை நிலத்துண்டு ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு மலைதான். அந்த மலையிலே ஒரு நாள் உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைச் சாளரத்தின் வழியே அதனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறாந்தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்த ஒரத்தச் செடி எப்புடித் திங்கும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான், "வேரினால் உறிஞ்சும்" என்று விடை கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர எண்ணினேன். அவள் அமரவில்லை. "ஒரம் கல்லு மாதிரி இருக்கே சேர், வேருக்கு ஏது பல்லு?" என்றாள்.

நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து முடி நரைத்தவன். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் சென்று கேட்டேன். பிறகு நூல்களைப் புரட்டினேன். அருகே தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் சிலவற்றையும் படித்தேன். 1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டு, சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றிருக்கும் அந்நிலையத்தை நாங்கள் பேருந்தில் கடந்து போவதுண்டே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அச்சிறுமியின் வினாவை நான் இலேசாக எண்ணாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். மாலையில் தராசில் ஏறும் கொழுந்தின் எடை குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆதலின், நிலத்துக்கு அடியில் ஒரு வேர் நுனி உண்டதா பட்டினி கிடந்ததா என்பது ஈற்றில் ஒரு வீட்டின் அரிசிப் பானையில் வந்து முடிகிறது.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் முன்னோர் பலர் நினைத்தனர். பெல்ஜிய நாட்டு அறிஞராகிய வான் ஹெல்மொன்ற் என்பவர் இதனைச் சோதிக்க எண்ணி, உலர்ந்த மண் 200 இறாத்தலை நிறுத்து ஒரு தொட்டியில் இட்டு, 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீரை மாத்திரம் ஊற்றி வந்தார். முடிவில் மரத்தின் எடை 169 இறாத்தலுக்கும் சற்று அதிகமாக இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்ததோ 2 அவுன்சு மாத்திரமே! மரம் முழுவதும் நீரினால் ஆயது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பின்னர், 1648இல் வெளிவந்த நூலிலே இச்சோதனை இடம்பெற்றது.

அம்முடிவு தவறானது. மரத்தின் உடலிலே பெரும்பகுதி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து சூரிய ஒளியினால் சமைக்கப்பட்டது என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், அவர் சிறிதென்று ஒதுக்கிவிட்ட அந்த இரண்டு அவுன்சு இருக்கிறதே, அதிலேதான் நம் கதை தொடங்குகிறது. நன்றாக உலர்ந்த தேயிலைத்தூள் 100 கிராமை எரித்தால் 5 அல்லது 6 கிராம் சாம்பல் எஞ்சும். பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், பொசுபரசு, மங்கனீசு முதலியன அச்சாம்பலில் இருக்கின்றன. இவற்றுக்கு மேலாக, எரியும்போது புகையோடு போய்விடுகின்ற நைதரசனும் மண்ணிலிருந்து வந்ததே. 100 கிராம் தூளிலே ஏறத்தாழ 4 கிராம் நைதரசன் உண்டு. இவ்வாறு மண்ணின் வழியாகத் தாவரங்கள் பெறவேண்டிய மூலகங்கள் 14 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுட் சில மிகமிகச் சிறிய அளவிலேயே வேண்டப்படுவன. ஆயினும், அச்சிறிதும் இல்லாதொழிந்தால் மற்றவை மலைபோற் குவிந்திருந்தும் செடி தேறாது. உப்பில்லாத சமையல் போல என்று சொல்லலாம். ஆனால் உப்பில்லாச் சமையலை மனிதன் முகஞ்சுளித்தாவது உண்பான், செடிக்கு அதுவும் இயலாது.

இனி, பல்லில்லாத வேர் கல்லை எவ்வாறு உண்கிறது என்ற வினாவுக்கு வருவோம்.

வேர் எதனையும் திண்மமாக உட்கொள்வதில்லை. நீரிற் கரைந்ததையே கொள்ளும். அதுவும் கரைந்த பொருள் எல்லாவற்றையும் அன்று. கரைந்து, மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிந்து நிற்பவற்றையே பெரும்பாலும் கொள்ளும். அயன்கள் என்று அவற்றைக் கூறுவர். நம் வீடுகளிலே கறியுப்பை நீரிலிட்டால் அது கண்ணுக்கு மறைகிறதல்லவா? அங்கே சோடியம் வேறாகவும் குளோரைட்டு வேறாகவும் பிரிந்து நிற்கின்றன. அதுபோலவே மண்ணின் ஈரத்திலும் பொற்றாசியம், மகனீசியம், அமோனியம், நைத்திரேற்று, பொசுபேற்று என்பன தனித்தனியே உலவுகின்றன. தோட்டத்திலே போடுகின்ற வெண்ணிற யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கிய ஒரு நொதியம் அதனைச் சில நாட்களுக்குள் அமோனியமாக மாற்றுகிறது. அவ்வமோனியத்தையே தேயிலை வேர் பெரிதும் விரும்பி ஏற்கிறது.

இங்கே ஒரு சிறு செய்தி. காய்ந்த மண்ணின்மேல் யூரியா கிடந்தால், அதன் நைதரசனில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். கொட்டும் மழைக்கு முன் போட்டாலோ கரைந்து, சரிவிலே ஓடி, கான் வழியாக ஆற்றைச் சேரும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. நேர்மின்னேற்றமுள்ள அமோனியத்தை அவை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். எதிர்மின்னேற்றமுள்ள நைத்திரேற்றை அவற்றால் பிடித்து வைக்க இயலாது. ஆகவேதான் ஆண்டுக்குரிய உரம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் பல தடவையாகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும் நாளையும் பெருமழை ஓய்ந்த நாளையும் பார்த்துப் போடுகிறார்கள். மழை பார்த்து உரம் போடச் சொல்லும் பழைய கங்காணிமாரின் வழக்கத்தைச் சிறுவயதில் நான் மூடநம்பிக்கை என்று நினைத்ததுண்டு. அது மூடநம்பிக்கை அன்று, நல்ல இரசாயனம் என்று ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

அயன் வேரின் அருகே வந்து சேர்ந்துவிட்டது. அது எவ்வாறு உள்ளே புகுகிறது? நீரோடு நீராக உறிஞ்சப்படுகிறது என்று நினைத்தால் அது பாதி உண்மையே. வேரின் கலத்தினுள்ளே பொற்றாசியத்தின் செறிவு வெளியேயுள்ள மண்ணீரிற் காட்டிலும் நூறு மடங்குக்கும் மேலாக இருப்பதுண்டு. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் தானாக ஏறாததுபோல, குறைந்த செறிவிலிருந்து மிகுந்த செறிவுக்கு ஒரு பொருள் தானாகப் போகாது. அதனை ஏற்றுவதற்கு வேலை செய்தாக வேண்டும். வேர் அவ்வேலையைச் செய்கிறது. இலைகள் அனுப்பிய சீனியைத் தன் கலங்களில் ஒட்சிசனோடு சேர்த்து மெல்ல எரித்து, அதிற் பிறக்கும் சத்தியைக் கொண்டு ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. அதனால் கலத்தின் உட்புறம் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. அந்த ஈர்ப்பினால் அமோனியமும் பொற்றாசியமும் தத்தமக்கென அமைந்த வாயில்கள் வழியே உட்புகுகின்றன. எதிர்மின்னேற்றமுள்ள நைத்திரேற்றோ, வெளியே தள்ளப்பட்ட ஐதரசன் அயன் மீண்டும் உள்ளே வரும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து சேருகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. ஒன்று, வேருக்கும் மூச்சு வேண்டும். நீர் தேங்கிய நிலத்திலே உரம் நிறைய இருந்தும் செடி மஞ்சளிப்பது ஏன் என்றால், அங்கே ஒட்சிசன் இன்றி வேரின் வேலை நின்றுவிடுகிறது. தேயிலை மலைகளிலே கான் வெட்டுவதும், இறுகிய மண்ணிலே முள்ளுக் குத்தி இளக்குவதும் இதன்பொருட்டே. முள்ளுக் குத்தும் தொழிலாளி வேரின் மூச்சுக்கு வழி திறக்கிறார் என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு ஆகாது.

மற்றொன்று, உண்ண உண்ணச் செடி தன் மண்ணைத் தானே புளிப்பாக்குகிறது. வேர் வெளித்தள்ளும் ஐதரசன் அயனே புளிப்பு. அமோனிய உரம் போட்ட நிலத்தில் இது மேலும் விரைவாக நிகழ்கிறது. அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றும்போதும் புளிப்பு உண்டாகிறது. நல்ல வேளையாகத் தேயிலை புளிப்பு மண்ணையே விரும்பும் செடி. மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது அதற்கு உகந்தது. அத்துணைப் புளிப்பிலே அலுமினியம் கரைந்து வெளிவரும். மற்றப் பயிர்களின் வேர் நுனிகளை அது கருக்கிவிடும். தேயிலையோ அதனை உள்ளே எடுத்து, முதிர்ந்த இலைகளிலே பத்திரமாக ஒதுக்கி வைத்துவிடுகிறது. முற்றிய தேயிலை இலையின் உலர்ந்த எடையிலே நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேலாக அலுமினியம் காணப்படுவதுண்டு. நாம் பறிக்கும் இளங்கொழுந்தில் அதில் மிகச் சிறு பகுதியே இருக்கும்.

கரைந்த அலுமினியத்தை இங்கே கண்ணாலும் காணலாம். துரை பங்களாக்களின் வாயிலிலே கொத்துக் கொத்தாகப் பூக்கின்ற ஹைட்ரேஞ்சியாச் செடியை மலைநாட்டவர் அறிவர். புளிப்பு மண்ணிலே அது நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணிலே இளஞ்சிவப்பாகப் பூக்கும். மண்ணிலிருந்து ஏறிய அலுமினியமே அந்த நீலத்துக்குக் காரணம். ஒரே தோட்டத்து மண்ணில் தேயிலை செழிக்க, லயத்துக்குப் பின்னால் இட்ட பீட்றூட் மாத்திரம் குழந்தையின் கைவிரல் அளவுக்கு மேற் பருக்காமல் நிற்பதையும் பலர் கண்டிருப்பீர்கள். விதை கெட்டது என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் விதையில் இல்லை, மண்ணின் புளிப்பில் இருக்கிறது.

தேயிலைக்கும் புளிப்பு அளவு மீறலாகாது. மீறினால் மகனீசியமும் கல்சியமும் கழுவப்பட்டுப் போய்விடும். ஆதலால் கவ்வாத்து வெட்டும் காலத்திலே டொலமைற்றுத் தூளை மண்ணுக்கு இடுகிறார்கள். அதில் கல்சியமும் மகனீசியமும் உண்டு. புளிப்பையும் அது தணிக்கும்.

புளிப்பு மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொசுபேற்றை இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடும். செடியின் காலடியிலே பொசுபரசு இருந்தும் வேருக்கு எட்டாது. தேயிலையின் ஊட்டும் வேர்களிலே, மற்றச் செடிகளிற் காணும் வேர்மயிர்கள் அரிதாகவே உள. அந்தக் குறையை ஒருவகைப் பங்கசு தீர்த்து வைக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அதன் இழைகள் வேரினுள் ஒரு நுனியும் மண்ணினுள் மறு நுனியுமாகப் பரந்து, வேர் எட்டாத இடுக்கெல்லாம் சென்று பொசுபேற்றைக் கொணர்ந்து கொடுக்கின்றன. கூலியாகச் சீனியைப் பெற்றுக்கொள்கின்றன. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறையைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பீர்கள். எளிதிற் கரையாத அப்பாறைத்தூள் நெல்வயலுக்கு அவ்வளவு உதவுவதில்லை. தேயிலை மண்ணின் புளிப்பிலே அது மெல்ல மெல்லக் கரைந்து பயன்படுகிறது. ஓரிடத்திற் குறையாவது மற்றோரிடத்தில் நிறையாவதும் உண்டு போலும்!

வேரினுட் புகுந்த அயன், நடுவிலுள்ள காழ் என்னும் குழாய்களை அடைவதற்கு முன்னர் ஒரு காவலைக் கடக்க வேண்டும். வேரின் உட்புறத்திலே மெழுகு போன்ற பொருளால் ஆன வளையம் ஒன்று கலங்களுக்கு இடையேயுள்ள சந்துகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. சந்து வழியாக எதுவும் நழுவிச் செல்ல இயலாது. உயிருள்ள கலத்தின் ஊடாகவே சென்றாக வேண்டும். அங்கே ஆராய்ந்தே அனுப்புகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதனைக் கடந்த பிறகு பயணம் எளிது. இலைகளிலுள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மேலே இழக்கப்படும் நீருக்கு ஈடாகக் கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது. அந்நீரோடு அயன்களும் ஏறுகின்றன. காசித்தும்பைத் தண்டு ஒன்றைச் சிவப்பு மை கலந்த நீரிலே நிறுத்தி வைத்தால், சற்று நேரத்திலே தண்டினுள் செந்நிறக் கோடுகள் ஏறுவதைக் காணலாம். வினாக் கேட்ட சிறுமிக்கு எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதனையே காட்டினார். அவள் பாதி நாள் அந்தப் போத்தலை விட்டு அகலவில்லை.

நைதரசன் மாத்திரம் வந்தபடியே ஏறிவிடுவதில்லை. தேயிலை வேர் அமோனியத்தைப் பெரும்பாலும் தன்னிடத்திலேயே அமினோ அமிலங்களாக மாற்றி அனுப்புகிறது. அவற்றுள் முதன்மையானது தியனைன் என்பது. 1949இல் ஜப்பானிய அறிஞர் ஒருவர் பச்சைத் தேயிலையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். தேநீரின் இனிய சுவைக்கு இதுவும் ஒரு காரணம். நாம் காலையிற் பருகும் ஒரு கோப்பைத் தேநீரில் வேர் சமைத்த பொருளும் கலந்திருக்கிறது என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. கொழுந்தை வந்தடைந்த நைதரசன் புரதமாகவும் பச்சையமாகவும் மாறுகிறது. புதிய கலங்கள் பிறக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் மேலே எழுகின்றன. அவற்றை நாம் கிள்ளி எடுத்துவிடுகிறோம். வேறு பயிர்களிலே கனியையோ விதையையோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை எடுப்போம். தேயிலையிலோ செடி மிகுந்த செலவிற் செய்த இளந்தளிரையே ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை எடுக்கிறோம். ஆதலின் அதன் பசி பெரிது.

உணவு குறைந்தால் செடி யாது செய்யும்? முதலில் முதியவர் வாயைக் கட்டி இளையவருக்கு ஊட்டும். நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகியன இடம்பெயரக்கூடியவை. ஆகவே பற்றாக்குறை வந்ததும் முற்றிய இலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அடியிலைகள் வெளிறும். பொற்றாசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் விளிம்பு கருகும். மகனீசியம் குறைந்தால் நரம்புகளுக்கிடையே மஞ்சளித்து நடுவிலே ஆப்பு வடிவமாகப் பச்சை எஞ்சும். கந்தகமும் நாகமும் அவ்வாறு எளிதில் இடம்பெயரா. அவை குறைந்தால் துன்பம் தளிரிலேயே தெரியும். நாகம் இல்லாத செடியின் தளிர்கள் சிறுத்து ஒடுங்கி நெருக்கமாக நிற்கும். அதற்கு மருந்து நாக சல்பேற்றுக் கரைசலை இலைமீது தெளிப்பதே. ஆபிரிக்காவில் முன்னர் நியாசாலாந்து என வழங்கிய இன்றைய மலாவி நாட்டிலே, தேயிலைச் செடிகள் மஞ்சளித்துச் சாவதைக் கண்டு கொடிய நோய் என்று அஞ்சினார்கள். அது நோயன்று, கந்தகக் குறையே என்று 1933இல் இரு விஞ்ஞானிகள் காட்டினர். பசியையும் பிணியையும் வேறு பிரித்து அறிவது மனிதரிடத்தே கடினம், செடியிடத்தே சொல்லவேண்டுமா?

இதுவரை கூறியவற்றின் பயனை இந்நாடு முழுவதும் 2021இல் கண்டது. அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பர் மாதத்திலே தடை நீக்கப்பட்டது. இடையில் ஆறேழு மாதங்களே. ஆயினும், முதற் சில வாரங்களிலே மலைகளில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. "ஒரம் இல்லாமலும் கொழுந்து வருதுதானே" என்று சிலர் சொன்னார்கள். வந்தது உண்மை. மண்ணில் எஞ்சியிருந்ததையும், முதிர்ந்த இலைகளிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்ததையும் கொண்டு செடி கொழுந்து விட்டது. சேமிப்பைத் தின்று வாழும் குடும்பத்தின் வாசலில் வறுமை உடனே தெரிவதில்லை. பிறகு தளிர் சிறுத்தது. பறித்த மலைக்குத் திரும்ப வரும் நாட்கள் நீண்டன. எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவனின் பாட்டி, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர், என்னிடம் கூறினார்: "கை வேகமாத்தாங்க ஐயா போவுது. கூடதான் நெறய மாட்டேங்குது." அவ்வாண்டுதான் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நிறையாத கூடைக்கு அந்த ஆயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத இறக்கம் அது. தடை நீங்கிய பின்னரும் உரத்தின் விலை பன்மடங்கு உயர்ந்திருந்தமையும், எரிபொருள் தட்டுப்பாடும், களைநாசினி இன்மையும் அதற்குத் துணைபோயின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூட்டுப்பசளை இருக்கிறதே, அது போதாதா என்று அந்நாட்களில் பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுக்கு 1500 கிலோ தேயிலைத்தூள் எடுக்கிறோம் என்று கொள்வோம். அத்தூளோடு மலையை விட்டுப் போகும் நைதரசன் மாத்திரம் ஏறத்தாழ 60 கிலோ. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 130 கிலோ யூரியாவில் அது அடங்கிவிடும். கூட்டுப்பசளையில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று கொண்டால், 6000 கிலோ வேண்டும். அதனை நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவிலே யார் சுமப்பது? சுமந்து போட்டாலும், பசளையிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புரதம் முதலிய பெரும்பொருள்களிலே கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதனை உடைத்து அமோனியமாக விடுவித்தாலன்றி வேரால் எடுக்க முடியாது. குளிர்ந்த மலையிலே அந்நுண்ணுயிர்களின் வேலை மெதுவாகவே நடக்கும். முதலாண்டிலே சிறு பகுதிதான் கிடைக்கும். வேருக்கு, பசளையிலிருந்து வந்த அமோனியமும் சாக்கிலிருந்து வந்த அமோனியமும் ஒன்றே. வேறுபாடு கிடைக்கும் வேகத்திலும் அளவிலுமே.

இதனைக் கூறுவதால் கூட்டுப்பசளையை நான் இகழ்வதாக எண்ணவேண்டா. உக்கல் நிறைந்த மண் நீரையும் அயன்களையும் பிடித்து வைக்கும். மழை வந்து அள்ளிக்கொண்டு போக விடாது. உக்கல் இல்லாத வெறும் செம்மண்ணிலே போட்ட உரத்தில் பெரும்பகுதி ஆற்றுக்கே உரமாகும். ஊவாப் பகுதியிலே பல ஆண்டுகளாக இயற்கை முறையிலேயே தேயிலை வளர்க்கும் தோட்டங்கள் உள. அவர்கள் மண்ணைப் பல ஆண்டுகளாகப் படிப்படியாகப் பழக்கியவர்கள். தூளுக்கு உயர்ந்த விலையும் பெறுகிறவர்கள். ஒரு பருவத்துக்குள் அவ்வாறு மாறிவிடலாம் என்று நினைத்ததே பிழை. மலைகளிடையே முள்முருக்கு மரங்கள் நிற்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நிழலுக்கு மாத்திரம் அவை நிற்கவில்லை. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. கிளைகளை வெட்டித் தேயிலையின் அடியிற் போட்டால் அந்நைதரசன் மண்ணைச் சேரும். செலவில்லாத உரம், ஆயினும் மரம் நட்டு வெட்டிப் பராமரிக்க ஆள் வேண்டும்.

கவ்வாத்தைப் பற்றிச் சொல்லாவிடின் இப்பேச்சு நிறைவு பெறாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுகிறார்கள். ஓர் இலையும் இல்லாமல் குச்சியாக நிற்கும் செடி மீண்டும் எவ்வாறு துளிர்க்கிறது? வேரிலே மாப்பொருளாகச் சேமித்த உணவினால். வேரிற் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது எழாமலே போய்விடும். ஆகவே, கவ்வாத்துக்கு முன்னர்ச் சில வாரம் பறிக்காமல் ஓய்வு கொடுக்கிறார்கள். பென்சிற் பருமனுள்ள வேரைக் குறுக்கே வெட்டி, அயடீன் கரைசலில் நனைத்துப் பார்ப்பதுமுண்டு. கருநீலமாக மாறினால் மாப்பொருள் உண்டு, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பொறுக்க வேண்டும். மாப்பொருளைச் செய்வது இலை. இலைக்குப் பச்சையத்தைத் தருவது வேர் கொணர்ந்த நைதரசனும் மகனீசியமும். 2021இல் பசித்திருந்த செடிகளை அடுத்த ஆண்டுகளில் வெட்டியபோது சில மலைகளில் இடையிடையே வெற்றிடம் விழுந்ததை நான் பாடசாலையிலிருந்தே பார்த்தேன். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும் பட்டினியையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறேன்.

வெட்டிய குச்சிகள் யாவை சேரவேண்டும், மண்ணையா அடுப்பையா? இது லயங்களிலே ஆண்டாண்டாக நடக்கும் வழக்கு. அவற்றை மலையிலேயே விடும்படி ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. செடி சேர்த்த சத்துகள் மீண்டும் மண்ணுக்கே போகும், சரிவிலே மண் அரிப்பும் குறையும். எரிவாயு கிடையாத 2022இலோ, இலை தழையைக்கூட விடாமல் சுமந்து சென்றவர்களை நான் குறைகூற மாட்டேன். பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச நெருப்பு வேண்டும். ஆயினும் இரண்டுக்கும் இடமுண்டு. விறகாவது பருத்த தண்டு. நைதரசன் மிகுந்திருப்பது இலையிலும் மெல்லிய குச்சியிலும். தண்டை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, இலையையும் மெல்லிய குச்சியையும் தூரின் அடியிலேயே பரப்பிவிடலாம். தண்டு எரியும்போது அதிலிருந்த சிறிதளவு நைதரசன் புகையோடு போய்விடும். பொற்றாசியமும் கல்சியமும் சாம்பலில் நிற்கும். அச்சாம்பல் புளிப்பைத் தணிக்கும் இயல்புடையது. அதனைத் தேயிலைத் தூரிலே கொட்டவேண்டா. லயத்துக்குப் பின்னால் விரலளவோடு நின்றுபோன பீட்றூட் பாத்தியிலே மெல்லியதாகத் தூவிக் கொத்திவிட்டு, அடுத்த விதையை ஊன்றிப் பாருங்கள்.